தேவதூதனின் இருமல்

எங்கள் பதிப்பகத்தில் பேய்க்கு இடமில்லை.
பிசாசுக்கு உண்டு.
போன வசந்தகாலப் பட்டியலில் ஒன்று வந்தது,
டெட்ராய்ட் நகரசபையையே ஆட்டிப்படைத்தது,
நாற்பதாயிரம் பிரதி, இரண்டாம் பாகத்துக்கு முன்பணம்.
ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் செத்தவர் திரும்பி வரக் கூடாது.
கையேட்டில் ஒன்பதாம் பக்கம், தடித்த எழுத்தில்:
மரித்தோர் கடைசி எக்காளம் மட்டும் மரித்தோரே.

கிராண்ட் ரேபிட்ஸில் ஜனவரி.
ஏரியிலிருந்து கிளம்பி வந்த பனி
என் காரை வெறும் மேடாக்கிக்கொண்டிருந்த மத்தியானம்
மேஜைக்கு வந்தது வில்மா ஹூக்ஸ்ட்ராவின் முதல் நாவல்.
வயது எழுபத்தொன்று. ஊர் ஐயோவா.
பால்பண்ணை வைத்திருந்தாள், பசுக்களைப் போன வருஷம் விற்றுவிட்டாள்
என்று ஆசிரியர் குறிப்பில் இருந்தது.

கதையில் ஒரு விதவை.
விடியற்காலை நாலரைக்குத் தொழுவத்தில் விளக்கு எரிகிறது.
போய்ப் பார்த்தால் புருஷன்,
புதைத்துப் பதினோரு மாதமானவர்,
கறவை இயந்திரத்தின் ரப்பர் குழாயை மாற்றிக்கொண்டிருக்கிறார்.
பேசுவதில்லை. இருமுகிறார்.
அவள் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறாள்.
அது ஆறிப்போகிறது.
அவ்வளவுதான் அத்தியாயம்.

பதிப்பாசிரியர் டைக்ஸ்ட்ரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
நிஜமாகவே அழுதிருந்தார்.
"அருமை. புருஷனைத் தேவதூதனாக்கிவிடு, சுகிர்தா."

தேடு, மாற்று. நூற்று நாற்பத்தேழு இடங்கள்.
கணினிக்கு ஒரு நொடி.
நான்தான் மூன்று வாரம் மாரடித்தேன்:
தேவதூதனின் பெல்ட்டில் ஆணியால் குத்திய ஓட்டை எதற்கு,
தேவதூதன் ஏன் இடது காலைச் சாய்த்து நடக்கிறான்,
எந்தப் பசு உதைக்கும் என்று
தேவதூதனுக்கு யார் சொன்னார்கள்.

என் மொழியில் இத்தனை வேலியில்லை.
கெட்டிலில் கிளம்புவதும் ஆவி,
கல்லறையிலிருந்து கிளம்பக் கூடாததும் ஆவி,
ஞானஸ்நானத் தண்ணீரோடு என் நெற்றியில் சொல்லப்பட்டதும்
அதே ஆவிதான், முன்னால் ஒரு 'பரிசுத்த' சேர்த்து.
இதை டைக்ஸ்ட்ராவிடம் சொல்லவில்லை.
கடல்மேல் நடந்து வந்தவரைப் பார்த்துப்
படகிலிருந்தவர்கள் முதலில் என்னவென்று அலறினார்கள்
என்றும் கேட்கவில்லை.
வீட்டுக்கடன் இருக்கிறது.

ஒருநாள் விடியுமுன்னே தொலைபேசி. வில்மா.
"சிறகு மட்டும் வைத்துவிடாதே, பெண்ணே.
அவருக்கு முதுகுவலி."
சரி என்றேன். வேறென்ன சொல்வது.
அவள் குரலுக்குப் பின்னால்
ஏதோ ஒரு மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.
வைத்தபிறகு மணி பார்த்தேன்.
இங்கே ஐந்தரை என்றால்
அங்கே நாலரை.

சிறகை எடுத்தேன்.
ஒளியை விட்டுவைத்தேன், ஒளி விற்கும்.
இருமலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒன்றை மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் சொன்னேன்.
அச்சுப்படியில் டைக்ஸ்ட்ரா அதைக் கண்டுபிடித்து
சிவப்பில் அடித்திருந்தார்.
அடித்த சொல்லின் கீழ் புள்ளி புள்ளியாக வைத்து
ஓரத்தில் எழுதினேன்: இருக்கட்டும்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதிக நேரம்.

புத்தகம் வந்தது.
அட்டையில் தொழுவம், மேகம் பிளந்து ஒரு கதிர்.
ஜெபக்குழுக்கள் மொத்தமாக வாங்கின.
கடிதங்களில் எல்லோரும் தேவதூதனுக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.
நெப்ராஸ்காவிலிருந்து ஒன்று மட்டும் பென்சிலில், பெயரில்லாமல்:

'பக்கம் 212. தேவதூதர்கள் இருமமாட்டார்கள்.
என் வீட்டுக்காரர் இருமுவார்.
அடுத்த அச்சில் திருத்திவிடாதீர்கள்.'

பாராட்டுக்கு ஒரு கோப்பு, புகாருக்கு ஒன்று.
எதில் வைப்பதென்று தெரியாமல்
இன்னும் மேஜையில் கிடக்கிறது,
காபிக் கோப்பைக்குப் பக்கத்தில்.